555 புத்தகமும் கைப்பேசிக் கடனும்



இணையவழிப் பொருள் வாங்குதலைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் இரு சாராராகப் பிரிந்துவிடுகின்றனர். "கடைக்கு அலைய வேண்டியதில்லை, விலையும் மலிவு" என்பது ஒரு சாரார் வாதம். "நம்மவர் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றனவே" என்பது மறு சாரார் புலம்பல். இருவரும் பேசுவது விலையையும் வணிகத்தையும் பற்றித்தான். இவற்றுக்கு நடுவே வளர்கின்ற பிள்ளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

லசாடா 2012இல் மலேசியாவுக்கு வந்தது. ஷாப்பி 2015இல் வந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அதுவரை தயங்கியவர்களும் கைப்பேசியில் வாங்கப் பழகினர். கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது. இன்று தொடக்கப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பலருக்குக் 'கடை' என்றாலே கைப்பேசித் திரைதான்.

கடன் அன்றும் உண்டு, ஆனால்...

நம் பெற்றோர் தலைமுறைக்கு 555 புத்தகம் நன்கு தெரியும். சட்டைப்பையில் அடங்கும் சிறு குறிப்பேடு. மளிகைக் கடைக்காரர் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எனக் கடனுக்குக் கொடுத்ததை அதில் எழுதுவார். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும்.

அந்த முறை குற்றமற்றது என்று கூற வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளியின் கணக்கில் கூட்டி எழுதிய கடைக்காரர்களும் இருந்தனர். ஆயினும் அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. பாக்கி ஏறினால், "அண்ணே, பழையதைக் கொஞ்சம் கட்டிட்டு வாங்குங்க" என்று கடைக்காரர் நேரில் சொல்வார். அருகில் நிற்கும் பிள்ளையும் அதைக் கேட்கும். கடனுக்கு வரம்பு உண்டு, அதைக் கடந்தால் தலைகுனிவும் உண்டு என்பதை அப்பிள்ளை பாடநூல் இல்லாமலே கற்றது.

இன்றைய செயலியில் 'இப்போது வாங்கு, பிறகு செலுத்து' என்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுபவருக்குக் கடன் வரம்பு உயர்கிறது. "போதும்" என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 300 வெள்ளிப் பொருளை ஆறு தவணையில் வாங்குகிறோம், முழுத்தொகை மீது மாதம் 1.5 விழுக்காடு கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4.50 வெள்ளி வீதம் ஆறு மாதத்திற்கு 27 வெள்ளி கூடும். உண்மை விலை 327 வெள்ளி. ஆனால் கண்ணில் பெரிதாகத் தெரிவது 'மாதம் 54.50' மட்டுமே! இத்தகைய கடன்களையும் நெறிப்படுத்த 2025இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தினர் கவலைப்பட்ட ஒன்றைப் பற்றி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசினோமா?

எண்ணும் போகிறது, எழுத்தும் போகிறது

முதலாம் ஆண்டுக் கணிதத்திலேயே 'பணம்' என்ற தலைப்பு வந்துவிடுகிறது. ஆசிரியர் நாணயத்தைக் காட்டிக் கற்பிக்கிறார். வீட்டிலோ பணம் என்பது அப்பாவின் பெருவிரல் அழுத்தம்! ரொக்கக் கணக்கு 2008 ஏப்ரல் 1 முதல் ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டப்படுகிறது. ஒரு சென் நாணயத்தைக் கையாண்டே அறியாத பிள்ளைக்கு 9.99 வெள்ளி 'ஒன்பது வெள்ளி'யாகவே தோன்றுகிறது. அனுப்பும் செலவு ஐந்து வெள்ளியை மிச்சப்படுத்தப் பதினைந்து வெள்ளிக்குத் தேவையற்ற பொருளைச் சேர்த்துவிட்டு, "இலவசமாக வந்தது" என்று மகிழ்கிறோம். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

மொழியின் நிலை இன்னும் கவலைக்குரியது. வீடும் பள்ளியும் போக, தமிழ்ப்பிள்ளை தமிழில் பேசி ஒரு காரியத்தை முடித்துக்கொள்ளும் இடங்களுள் நம்மவர் கடையும் ஒன்று. துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது, மல்லி எது, சீரகம் எது என்று அங்கேதான் கண்டும் தொட்டும் கற்றோம். செயலியில் எல்லாப் பருப்பும் 'டால்'. தமிழ் அழிகிறதே என்று மேடையில் முழங்குவோர், தமிழ் பேசி வாங்கக்கூடிய கடையைத் தாண்டிப் போவது முரண் அல்லவா?

2023ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 12இல் வந்தது. அதற்கு முதல்நாள்தான் '11.11' மலிவு விற்பனை! பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைக்காரர்கள் ஆண்டு முழுதும் காத்திருந்த நாள் அது.

மறுப்போருக்கு ஒரு சொல்

இணைய வணிகத்தை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. நகரத்திற்குத் தொலைவில் வாழ்வோருக்கும் நடமாட இயலாதோருக்கும் அது பேருதவி. முறுக்குச் சுட்டு இணையத்தில் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மாரும் உண்டு. நம் கடைக்காரர்களும் விலையை ஒட்டாமல், பற்றுச்சீட்டுத் தராமல், பொருளை மாற்றக் கேட்டால் முகம் சுளித்துக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் நிலைக்க மாட்டார். நம்மவர் என்பதற்காக மட்டும் யாரும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் மலிவு என்ற ஒரே காரணத்திற்காகப் பிள்ளையின் பயிற்சிக்களத்தை விற்றுவிடலாமா?

ஆகவே, செய்ய வேண்டியவை சில:

1. வாரம் ஒருமுறை பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாங்க வேண்டியவற்றைத் தமிழில் பிள்ளையே எழுதட்டும். பிள்ளையே கேட்டு வாங்கி, மீதியை எண்ணி வரட்டும்.

2. செயலியில் தேர்ந்த பொருளை ஓர் இரவு அப்படியே விட்டுவையுங்கள். மறுநாளும் தேவைப்பட்டால் வாங்குங்கள்.

3. 'பிறகு செலுத்து' வசதியை மூடுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்.

4. ஆசிரியர்களே, விழுக்காட்டுப் பாடத்திற்குத் தவணைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், பள்ளி அலுவலகத்தில் நம் பெயருக்கு வந்து குவியும் பொட்டலங்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். மாணவர்களும் அவற்றை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. அந்த அளவைப் பிள்ளைக்குக் காட்டும் பொறுப்பு எந்தச் செயலிக்கும் இல்லை; நமக்குத்தான் உண்டு.

சிந்திப்போம், செயல்படுவோம்!