நடைபாதையும் ஜீவனமும்

சென்னை ஜார்ஜ் டவுனில், கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியபின் விரிக்கப்பட்டு, அவை மறுபடி ஏறுவதற்குள் சுருட்டப்படுகிற பாய்களைக் கடந்து போகிறவர்கள், அவற்றில் படுத்துறங்குவோரைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் சொல்வதுண்டு: பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள் என்பது ஒன்று, பாடுபட மனமில்லாதவர்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பிசகு. பாட்டன் காலந்தொட்டு அதே நடைபாதையில் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற குடும்பங்கள் அங்கே உண்டு. மூட்டை தூக்கியும், மீன்பாடி வண்டி மிதித்தும், பூக்கட்டியும், வீடுகளில் பாத்திரம் துலக்கியும் அவர்கள் படுகிற பாட்டில்தான் அந்தக் கடைவீதியின் பாதி வேலை நடக்கிறது.

பாடுபட்டும் வீடில்லாமற் போவானேன்? தினக்கூலி பெறுகிறவன் மாத வாடகையை எப்படியோ மிச்சம் பிடித்தாலும், பல மாத வாடகையை ஒரே தவணையில் அட்வான்ஸாகக் கேட்கிற இந்நகரத்து வழக்கத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை; கடன் வாங்கிக் குடியேறினாலும், சம்பாதிக்கிறவர் நோயில் விழுந்தால், இரண்டு மாத பாக்கியில் சட்டிபானை தெருவுக்கு வந்துவிடுகிறது. புருஷனின் அடிக்குத் தப்பி வந்த ஸ்திரீகள், பிள்ளைகள் கைவிட்ட வயோதிகர், சித்தம் கலங்கி வீட்டைப் பிரிந்தவர் ஆகியோர் வேறு.

இவர்கள் எத்தனை பேர்? 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு, தேசமெங்கும் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் வீடற்றவர்கள் என்றும், அவர்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள் என்றும் கண்டது. அந்த எண்ணிக்கை பிப்ரவரி 28-ந் தேதி ஒரே இரவில் எடுக்கப்பட்டது. போலீஸாருக்கு அஞ்சி அடிக்கடி இடம் மாறுகிறவர், விடிய விடிய லாரிச் சரக்கு இறக்குகிறவர், மறைவிடம் தேடிப் படுக்கிற தனிப்பெண் எல்லோரும் ஓர் இரவுக் கணக்கில் அகப்பட்டிருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை.

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. பிற்காலத்தில் கண்ணகி நகரிலும், செம்மஞ்சேரியிலும், பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஆனால் விடியுமுன் பாரிமுனையில் பூ வாங்கி, சரம் தொடுத்து, காலையிலேயே விற்று முடிக்க வேண்டியவளுக்கு, ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளியுள்ள வீடு, கூரையைக் கொடுத்துக் கஞ்சியைப் பறித்ததாகிறது. ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பி வருகிறவர்களை நன்றி கெட்டவர்கள் என்று ஏசுவது நியாயமன்று. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-ல் சுப்ரீம் கோர்ட், உயிர் வாழும் உரிமையில் ஜீவனோபாயமும் அடக்கம் என்று கூறியதன் தாத்பரியம் இதுவே. எனினும் நடைபாதையில் குடியிருக்க ஒருவருக்கும் பாத்தியதை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்லிற்று.

நகரங்களில் ஒரு லட்சம் ஜனங்களுக்கு ஒன்று வீதம், இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. துணையற்றவருக்கும் நோயாளிக்கும் அது பேருபகாரம். ஆனால் ஆணுக்கு ஒரு கூடம், பெண்ணுக்கு வேறொரு கூடம் என்று பிரித்து வைக்கும் விடுதியில், புருஷன், பெண்சாதி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பாத்திர பண்டங்கள் சகிதம் ஒரு குடும்பம் எப்படி வாசம் செய்யும்?

வேண்டுவது, வேலை இருக்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், அட்வான்ஸ் கேளாமல், கூலிக்குத் தக்க வாடகையில் கிடைக்கும் சிறு வீடுகள். நகரின் நடுவே சர்க்காருக்கும் பொது ஸ்தாபனங்களுக்கும் உள்ள நிலத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவது தானமாகாது; அந்நகரைச் சுமக்கிற கைகளுக்குச் செலுத்த வேண்டிய பழைய கடனேயாகும். அதைத் தீர்க்காதவரை, நடைபாதையிலிருந்து அவர்களை அப்புறப்படுத்தும் அதிகாரம் நமக்கு இருக்கலாம், நியாயம் இல்லை.