பாறைக்கும் பத்தியம் உண்டு!

போன குளிர்காலத்தில் பெங்களூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீயே இவனைக் கேளு. ஞாயிற்றுக்கிழமை ஆனா போதும், முதுகுல மெத்தையைக் கட்டிக்கிட்டு பாறை ஏறப் போயிடறான். விரல் தோலெல்லாம் உரிஞ்சு கிடக்கு. நீ வைத்தியர்தானே, வேண்டாம்னு சொல்லிட்டுப் போ!"

மருமகன் அலட்டிக்கொள்ளவில்லை. "மாமா, ஒரு தடவை கூட வந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றான். நியாயமான பேச்சு. நாடி பார்க்காமல் மருந்து சொல்லலாமா? மறுநாள் விடியற்காலையில் அவனோடு கிளம்பினேன்.

நகரத்தின் தெற்கே, கனகபுரா சாலைக்குப் பக்கத்தில் துரஹள்ளி என்று ஒரு சின்னக் காடு. சில நூறு ஏக்கர்தான் இருக்கும். சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். நடுவே மரங்களும் பெரிய பெரிய கருங்கல் பாறைகளும். அந்தப் பாறைகளில்தான் ஏறுகிறார்கள். 'போல்டரிங்' என்று பெயர். கயிறு கிடையாது. ஓராள், இரண்டாள் உயரமுள்ள தனிப் பாறையில் கையையும் காலையும் மட்டும் நம்பி ஏற வேண்டும். விழுந்தால் தாங்கக் கீழே மெத்தை. சரியாக மெத்தையில் விழும்படி பார்த்துக்கொள்ளப் பின்னால் ஒரு நண்பன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துவிட்டது. வாரம் ஆறு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் கூனிக் கிடக்கும் பிள்ளைகள், ஒரு விரல் பிடிக்கு இடம் தேடி மூச்சை அடக்கி நிற்கிறார்கள். முதுகு, தோள், இடுப்பு எல்லாம் வேலை செய்கின்றன. மனசு ஓரிடத்தில் நிற்கிறது. கழுத்துவலி என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இல்லாமல் போனது இதுதான். தங்கையிடம் "போகட்டும் விடு" என்றே சொல்ல நினைத்தேன்.

ஆனால் இன்னும் கொஞ்சம் நடந்தபோது வேறு சிலதும் கண்ணில் பட்டது. உடைந்த பாட்டில் துண்டுகள். பாறையில் பெயிண்டால் எழுதிய பெயர்கள். வியர்வைக்காகக் கையில் பூசிக்கொள்ளும் மக்னீசியம் கார்பனேட் மாவு, ஒரு பாறை முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. ஒரு இடுக்கில் இருந்த செடியையும் பாசியையும், பிடி கிடைக்க வேண்டும் என்பதற்காக யாரோ இரும்பு பிரஷ்ஷால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். நம்ம ஊர்க்காரர்தான். "தம்பி, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா வேற கும்பல் ஒண்ணு வந்து பாட்டைப் போட்டு, வழியை மறிச்சு பைக்கை நிறுத்துது. நாளைக்கு கேட்டைப் பூட்டிட்டா உங்க விளையாட்டும் போச்சு, எங்க நடையும் போச்சு" என்றார்.

அவர் பயம் வீண் பயம் இல்லை. 2021-ல் இங்கே மரப் பூங்கா அமைக்க ஒரு திட்டம் வந்தபோது, அக்கம்பக்கத்தவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். காடு காடாகவே இருக்கட்டும் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு, அதைக் காடாக வைத்திருக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது, இல்லையா?

சரி, பாறையில் ஏறுவதால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். என் சொந்தத் தப்பையே சொல்கிறேன். சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் மூலிகை தேடிக் கொல்லிமலைக்குப் போனோம். மூட்டுவலிக்குச் சூப் வைத்துக் குடிப்பார்களே, முடவாட்டுக்கால் கிழங்கு, அது ஒரு பாறையில் கம்பளி போர்த்தியதுபோல் படர்ந்திருந்தது. வாலிப வேகம். ஆளாளுக்குப் பிய்த்து எடுத்தோம். சில வருஷம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். வெறும் பாறைதான் நின்றது! பாறையில் ஒட்டிய கைப்பிடி மண்ணும் பாசியும் சேரப் பல வருஷம் ஆகும். பிய்க்க ஒரு நிமிஷம் போதும்.

துரஹள்ளியிலிருந்து மைசூர் சாலைக்குப் போனால் ராமநகரம். 'ஷோலே' படம் எடுத்த பாறைமலைகள். அங்கே ராமதேவர மலையில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. 2012-ல் அதைக் கழுகுச் சரணாலயமாக அறிவித்தார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்தால் இந்த இனமே அழியும் நிலைக்கு வந்தது. 2006-ல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. இந்தக் கழுகு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். கூட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் ஏறி அது பயந்து பறந்தால், அந்த வருஷமே வீணாகலாம். அங்கே 'ஏறாதே' என்றால் ஏறக்கூடாது. அதில் வாதத்துக்கே இடமில்லை.

அதற்காக எல்லாப் பாறைக்கும் பூட்டுப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டினால் பிள்ளைகள் திரும்ப செல்போனுக்குத்தான் போவார்கள். என் கட்சி வேறு. நல்ல மருந்துக்குப் பத்தியம் உண்டு. பத்தியம் இருந்தால்தான் மருந்து பலிக்கும். பாறைக்கும் அப்படித்தான்.

அந்தப் பத்தியம் ஒன்றும் கடினமில்லை. வனத்துறையின் நேரமும் விதியும் என்ன என்று கேட்டுவிட்டுப் போகட்டும். தனியார் நிலம் என்றால் உடையவரிடம் ஒரு வார்த்தை. இரும்பு பிரஷ் வேண்டாம்; மென்மையான பிரஷ்ஷால் மாவைத் துடைத்துவிட்டு வரலாம். கூடு, தேனடை, கோயில், பழைய கல்வெட்டு இருக்கும் பாறையை விட்டுவிடட்டும். பாரிஸ் அருகே ஃபோன்டேன்ப்ளோ காட்டில் மழை பெய்தால் பாறை காயும்வரை ஏறமாட்டார்கள். அது மணற்பாறை, ஈரத்தில் பிடி உடைந்துவிடும். நம்முடைய கருங்கல் உடையாவிட்டாலும் கால் வழுக்கும். காத்திருப்பது எலும்புக்கு நல்லது.

ஒரு வைத்திய வார்த்தையும்: விழுந்து கணுக்கால் வீங்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். எலும்பு முறிவா என்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

அன்று திரும்பும்போது மருமகனும் நண்பர்களும் பாட்டில் துண்டுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினார்கள். "நாங்க போடலையே மாமா" என்றான் ஒரு பையன். "நீ போடலைப்பா. ஆனா கேட்டைப் பூட்டறவங்களுக்கு அது தெரியாதே!" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள், "என்ன அண்ணா, சொன்னியா?"

"சொன்னேன். பத்தியம் சொல்லியிருக்கேன்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் பாறை ஏறக் கிளம்பினால், தடுக்காதீர்கள். மெத்தையோடு ஒரு சாக்கையும் கொடுத்து அனுப்புங்கள்.