கார் ஓடும் களத்தில் சைக்கிள்!

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கல்வெட்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் அது. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அந்த ஊரின் பெயர் இருக்கிறது.

இன்று அந்த வட்டாரத்தைச் சுற்றி இன்னொரு அடையாளமும் வளர்ந்து வருகிறது. அதுதான் மோட்டார் கார்! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செய்யாறு என்று எந்தப் பக்கம் போனாலும் மோட்டார் தொழிற்சாலைகள். அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறைகள். அந்தப் பாகங்களை ஏற்றிச் செல்லும் லாரிகள்.

செய்யாறு பக்கத்தில் மஹிந்திரா கம்பெனி 454 ஏக்கர் பரப்பில் ஒரு சோதனைப் பாதை அமைத்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சாதனை நடந்தது. அந்தக் கம்பெனியின் எக்ஸ்.யு.வி. 700 கார்கள் நான்கு, இரவும் பகலுமாக 24 மணி நேரம் ஓடின. அவற்றுள் ஒன்று மட்டும் 4,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சென்னையிலிருந்து காசிக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்கு அது குறையாது. அதை ஒரே நாளில் ஓடி முடித்தது அந்தக் கார்!

இப்படிப்பட்ட பாதையில் சைக்கிள் பந்தயம் நடத்தினால் எப்படி இருக்கும்? சிலருக்குச் சிரிப்பு வரலாம். யானை கட்டும் கொட்டாரத்தில் ஆட்டுக்குட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால், சைக்கிள் உலகின் பெரிய சாதனைகள் சில, கார் கம்பெனிகளின் சோதனைப் பாதைகளில்தான் நடந்திருக்கின்றன.

சோதனைப் பாதை என்றால் என்ன?

புதிய கார் ஒன்றைச் செய்தவுடன் கடைக்கு அனுப்பிவிட முடியாது. பிரேக் பிடிக்கிறதா? திருப்பத்தில் கவிழாமல் நிற்கிறதா? மேட்டில் ஏறுகிறதா? குண்டும் குழியுமான சாலையைத் தாங்குகிறதா? இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். பொதுச் சாலையில் அந்தச் சோதனைகளைச் செய்தால் ஊரார் உயிருக்கு ஆபத்து. ஆகவே சுவர் எழுப்பி, உள்ளே பலவகைப் பாதைகள் போடுகிறார்கள். வழுவழுப்பான பாதை, கரடுமுரடான பாதை, ஏற்றம், இறக்கம், தண்ணீர் தேங்கும் பாதை எல்லாம் அங்கே உண்டு.

அவற்றில் முக்கியமானது வேகப் பாதை. முட்டை வடிவத்தில் அது சுற்றி வரும். திருப்பங்களில் தரை சமமாக இராது. வெளிப்பக்கம் உயர்ந்து, உள்பக்கம் தாழ்ந்து, சாய்ந்து நிற்கும்.

இது எதற்கு? பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மரச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி ஓடும். வேகம் இருக்கும்வரை விழாது. வேகம் குறைந்தால் கீழே இறங்கியாக வேண்டும். சாய்ந்த திருப்பத்தின் தத்துவமும் ஏறக்குறைய அதுதான். வேகமாகப் போகும் வண்டி உயரத்தில் ஓடும். மெதுவாகப் போகும் வண்டி அடிப்பக்கத்தில் ஓடும்.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் அருகே 2021-ல் இப்படி ஒரு வேகப் பாதை திறக்கப்பட்டது. அதன் சுற்று 11.3 கிலோமீட்டர்! நம் ஒரகடத்திலும் மத்திய அரசின் வாகனப் பரிசோதனை நிலையம் ஒன்று இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் 92 கிலோமீட்டர்!

சைக்கிள்காரர்களுக்கு ஒரு பழைய ஆசை உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதே அது.

சாதாரணப் பந்தய சைக்கிளில் இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா, 2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். அது 250 மீட்டர் சுற்றுள்ள சைக்கிள் அரங்கில் நடந்தது.

இன்னொரு வகை சைக்கிள் உண்டு. ஓட்டுபவர் அதில் சாய்ந்து படுத்த நிலையில் மிதிப்பார். வண்டியை மீன் வடிவில் ஒரு கூடு மூடியிருக்கும். எஞ்சின் கிடையாது. கால் பலம் ஒன்றுதான். இந்த வண்டியில் 2016-ல் பிரான்செஸ்கோ ரூஸோ என்பவர் ஒரு மணி நேரத்தில் 92 கிலோமீட்டரைத் தாண்டினார்.

அந்த வேகத்தில் சின்ன அரங்கில் ஓட்ட முடியுமா? 250 மீட்டர் சுற்றைப் பத்தே விநாடியில் முடிக்க வேண்டியிருக்கும். தலை சுற்றிவிடும்! நீண்ட, வழுவழுப்பான, எதிரே வண்டி வராத பாதை வேண்டும். அது எங்கே இருக்கிறது? கார் சோதனைக் களத்தில்தான்.

ரூஸோ ஓட்டியது ஜெர்மனியில் டெக்ரா என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பாதையில். அதற்கு முன், 2002-ல் ஜெர்மனியின் ஓப்பல் கார் கம்பெனிப் பாதையில் 82 கிலோமீட்டர் தாண்டப்பட்டது. பிறகு அமெரிக்காவில் அரிசோனாவிலுள்ள நிசான் கம்பெனிப் பாதையிலும் சாதனைகள் நடந்தன. 2009-ல் கனடா நாட்டு சாம் விட்டிங்ஹாம், மிச்சிகனில் போர்டு கம்பெனியின் பாதையில் 90 கிலோமீட்டரைக் கடந்து பரிசு பெற்றார்.

காற்றுதான் எதிரி

சாதாரண சைக்கிளுக்கும் கூடு போட்ட சைக்கிளுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? காரணம் காற்று.

மெதுவாகப் போகும்போது காற்று தெரியாது. வேகம் கூடக்கூட அது சுவர்போல் எதிர்த்து நிற்கும். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால், காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்குகிறார். பின்னால் வருகிறவர் பலத்தை மிச்சம் பிடிக்கிறார்.

ஆனால் ஒட்டி ஓட்டும்போது ஒரு குழி வந்தால்? ஒரு நாய் குறுக்கே ஓடினால்? ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் விழுவார்கள். ஆகவே சைக்கிள் பந்தயத்துக்கு முதல் தேவை, விலை உயர்ந்த சைக்கிள் அல்ல. அடைத்துக் காவல் காக்கும் நல்ல பாதை.

சைக்கிள் பெற்ற பிள்ளை

கார் கம்பெனி சைக்கிளுக்கு இடம் கொடுப்பது தர்மம் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் அது பழைய கடன்.

காற்றடைத்த டயரை 1888-ல் டன்லப் செய்தது தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. ஓப்பல் கம்பெனி 1886-லேயே சைக்கிள் செய்யத் தொடங்கியது. கார் செய்யத் தொடங்கியதோ 1899-ல். அந்தக் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளும் சைக்கிள் பந்தய வீரர்கள். ஹென்றி போர்டு 1896-ல் செய்த முதல் வண்டி சைக்கிள் சக்கரங்களில்தான் ஓடியது.

இன்னும் ஒன்று. அமெரிக்காவில் நல்ல சாலை வேண்டும் என்று முன்னின்று கேட்டவர்கள் கார்காரர்கள் அல்ல. 1880-ல் சங்கம் அமைத்த சைக்கிள்காரர்கள்! அவர்கள் கேட்டுப் பெற்ற சாலையில் பிறகு கார் வந்தது. சைக்கிள் ஓரத்துக்குப் போயிற்று. கடைசியில் ஓரமும் இல்லாமல் போயிற்று.

நம் பிள்ளைகள் எங்கே ஓட்டுகிறார்கள்?

தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கானோர். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது.

பந்தயத்துக்கும் பஞ்சமில்லை. அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. அண்ணாவின் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலும் நடக்கிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். பெண்களுக்கு 10 முதல் 15 கிலோமீட்டர். ஆண்களுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர். இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே வகை வண்டியில் போட்டியிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு!

ஆனால் போட்டி நடப்பது ஊர்ச் சாலையில். அன்று காலை சில மணி நேரம் போலீசார் போக்குவரத்தைக் கவனிப்பார்கள். சரி. அதற்கு முந்திய நாட்களில் பயிற்சி எங்கே? லாரி ஓடும் அதே சாலையில்தான்.

2022-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கைப் பார்த்தால் நெஞ்சு பதறும். அந்த ஓர் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் 4,800-க்கு மேல். அதாவது, நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று பேர்! மாநிலங்களில் அதிக விபத்து நடந்தது தமிழ்நாட்டில். விபத்துகள் 64,105, உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

கார் தொழில் வேலை கொடுக்கிறது, சம்பளம் கொடுக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. அதே தொழில்தான் சாலையில் லாரியையும் பஸ்ஸையும் காரையும் பெருக்குகிறது. பள்ளிக்குப் போகும் பெண், அந்த வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்கிறாள்.

கதவைத் திறப்பதில் என்ன தடை?

கம்பெனிகள் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. வெளிவராத புதிய கார்கள் உள்ளே ஓடும். அவற்றைப் படம் எடுத்துவிட்டால் போட்டிக் கம்பெனிக்கு ரகசியம் போய்விடும். யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் வரும்.

இரண்டும் நியாயமான கவலைகள். இரண்டுக்கும் வழி உண்டு. பந்தய நாளில் புதிய கார்களைக் கொட்டகையில் பூட்டி வைக்கலாம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைக்கலாம். வீரர்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம். ஆம்புலன்ஸும் டாக்டரும் காத்திருக்கலாம். பெரியவர்களின் போட்டி என்றாலும், பள்ளிப் பிள்ளைகளின் போட்டி என்றாலும், உயர்ந்து சாய்ந்த பகுதிக்குப் போகவிடாமல் அடிப்பக்கத்திலேயே கோடு போட்டு ஓடவிடலாம். நிழல் இல்லாத வெட்ட வெளியாதலால், விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

பாதை தேய்ந்துவிடுமோ என்று மட்டும் பயப்பட வேண்டியதில்லை. ஒன்றரை டன், இரண்டு டன் கார்களைத் தாங்கும் தரை அது. ஆளோடு சேர்த்து நூறு கிலோகூட வராத சைக்கிள் அதை என்ன செய்யும்?

ஆண்டுக்கு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் அண்ணா போட்டியை அங்கே நடத்தலாம். அதற்கு முன் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கலாம். கார் கம்பெனிக்கு இது பெரிய செலவல்ல. மதில் சுவருக்கு வெளியே வளர்ந்த ஒரு கிராமத்துப் பெண், உள்ளே வந்து முதலிடம் பெற்றால், அந்தக் கம்பெனிக்கும் அது பெருமைதானே?

ஒரு நாள் பாதை; தினசரிப் பாதை

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மதிலுக்குள் ஒரு நாள் பத்திரமாக ஓட்டிய பிள்ளை, மறுநாள் காலை மதிலுக்கு வெளியேதான் பள்ளிக்குப் போக வேண்டும். பந்தயத்துக்குக் கதவு திறந்ததோடு கடமை முடிந்தது என்று கம்பெனியோ அரசாங்கமோ இருந்துவிட முடியாது.

பள்ளிக்கூடம் உள்ள சாலைகளில் தார் விளிம்பை ஒட்டி மண் அரித்துப் பள்ளமாகாமல் பார்க்க வேண்டும். சைக்கிளுக்கென்று ஓரத்தில் இடம் விட வேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக லாரிகளை நிறுத்தி வைக்க வேண்டும். இருட்டும் திருப்பங்களில் விளக்கு வேண்டும். இவையெல்லாம் கோடி கோடியாகச் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தவை. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம் என்று பொறுப்பைப் பிரித்து வைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

இன்று கிராம சபையில் எல்லோருக்கும் இடம் உண்டு, பெண்களுக்கும் உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி உள்ளிட்ட நாட்களில் அது கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு என்று கேட்பதுபோல், "எங்கள் பிள்ளை சைக்கிளில் போக வழி வேண்டும்" என்றும் அங்கே கேட்கலாம். தீர்மானமாக எழுதச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில், "அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று?" என்று கணக்கும் கேட்கலாம்.