கைபேசி தெரிந்தால் போதுமா?

இணையத்தோடு வளர்ந்த மாணவர்களுக்குத் தேடக் கற்றுத்தர நூலகர் எதற்கு என்று கேட்கிறார்கள். தேடுவதில் அவர்கள் சூரர்களாகவே இருக்கட்டும். சிக்கல் அங்கே இல்லை; கிடைத்ததில் எதை நம்புவது என்பதில்தான்.

சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள். குழந்தை மருத்துவர்களின் பெரும் சங்கத்தின் தளம் ஒன்று. அதிலிருந்து 2002-இல் பிரிந்த சிறு குழுவின் தளம் மற்றொன்று. எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறு குழுவையே நம்பினார்கள். பக்கம் அழகாக இருந்ததாம்! முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களிலேயே பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் நேரத்தை வீணாக்கவில்லை. புதிய தாவலைத் திறந்து, அந்தக் குழுவைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

உண்மையில், நூலகர் எதற்கு என்பவர்கள் கையில் எடுத்திருக்க வேண்டிய ஆயுதம் வேறு. பக்கத்தை மட்டுமே உற்றுப் பார்க்க வைக்கும் சரிபார்ப்புப் பட்டியலைப் பல நூலகங்களே ஆண்டுக்கணக்கில் கற்பித்தன. அது தவறுதான். அதற்காக நூலகரின் வகுப்பையே மூடுவதா? பட்டியலைத் தூக்கி எறியுங்கள். மாணவர் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் சான்றுகளையே எடுத்து, நூலகர் அருகில் உட்கார்ந்து, அந்தப் புதிய தாவலைத் திறக்கப் பழக்கட்டும்.