நகல் என்று சொன்னது யார்?

வுடி ஆலனின் ‘ஸ்வீட் அண்ட் லோடவுன்’ 1999இல் வந்தது. அன்று தொடங்கிய பல்லவி இன்னும் ஓயவில்லை: “ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’வை ஜாஸுக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.” இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த 1954ஆம் வருடத்துப் படத்தைக் கடைசிவரை பார்த்தார்களோ!

முரடன் ஒருவன், வெகுளிப் பெண் ஒருத்தி; விட்டுவிட்டுப் போகிறான், பிறகு அழுகிறான். ஒற்றுமை இவ்வளவே. இந்தக் கணக்குப்படி, தமயந்தியைக் காட்டில் விட்டுப்போன நளனிடமும் ஃபெலினி காப்புரிமைத் தொகை கேட்கலாம்.

‘லா ஸ்ட்ராடா’வின் முரடன் ஸம்பானோவிடம் என்ன வித்தை இருக்கிறது? மார்பில் கட்டிய சங்கிலியை மூச்சுப்பிடித்து அறுப்பான். ஊர் ஊராக அதேதான். அந்தப் படத்தின் இசை வெகுளிப் பெண் ஜெல்சோமினாவின் டிரம்பெட்டில் இருக்கிறது. ஆலன் இதை அப்படியே புரட்டிப் போடுகிறார். அவருடைய நாயகன் எம்மெட் ரே பெண்களை வைத்துப் பிழைத்தவன், குப்பைமேட்டில் எலி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன், கை நீளம், வாய் அதைவிட நீளம். கிடாரைத் தொட்டால் மட்டும் தேவகானம். வாய் பேசாத சலவைக்காரி ஹாட்டி அதைக் கேட்டு உருகுகிறாள். இந்தக் கைக்கு இந்த இசை எப்படி வாய்த்தது என்பதுதான் படமே. ஸம்பானோ கதையில் அந்தக் கேள்வி எழவே வழியில்லை. சங்கிலி அறும் சத்தத்துக்கு யார் உருகுவார்கள்? முடிவாவது ஒன்றா? ஜெல்சோமினா செத்துப்போகிறாள். ஹாட்டியோ வேறொருவனை மணந்து நன்றாக வாழ்கிறாள். எம்மெட் திரும்பி வரும்போது அவன் அவளுக்குத் தேவையே இல்லை.

அடுத்த புகார்: “கதை இல்லை, துணுக்குத் தோரணம்.” ஒரு பெட்ரோல் பங்க் சம்பவத்தையே மூன்று விதமாகச் சொல்லும் படத்தில் ஒரே கதையைத் தேடினால் கிடைக்காதுதான்.

“எம்மெட்டாக நடித்த ஷான் பென் கிடார் வாசிக்கவே இல்லையே?” இல்லை. வாசித்தவர் ஹோவர்ட் ஆல்டன். பென்னுக்கு விரல் பழக்கியவரும் அவரே. டி.எம்.எஸ். குரலுக்கு சிவாஜி வாயசைத்ததைக் கொண்டாடிய நமக்கு இது ஒரு புகாரா?

கடைசியாக ஒரு சலுகை தருவார்கள்: “நடிப்பு மட்டும் தேறியது.” பென், ஹாட்டியாக நடித்த சமந்தா மார்ட்டன் இருவர் பெயரும் ஆஸ்கார் பரிந்துரையில் இருந்ததே இதற்குச் சான்றாம். மார்ட்டனுக்குப் படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. வசனமில்லாத பாத்திரத்தை யாரும் எழுத வேண்டியதில்லை, அது தானாகவே முளைத்துவிடும் என்று எண்ணுகிறார்கள் போலும்.