துப்பி, கரீபியம், ஜே: மூன்றும் ஒரு குலமோ?

கடைத்தெருவில் அன்னாசிப் பழத்துக்கு விலை பேசுகின்ற எவரும், தாம் அப்பொழுது தென்னமெரிக்கக் காட்டுமொழி யொன்றின் சொல்லை வழங்குகின்றோம் என எண்ணுவதில்லை. துப்பி–குவாரனி மொழியினர் அப்பழத்தை 'நனா' என வழங்கினர். போர்ச்சுகீசியர் அதனை 'அனனாஸ்' என ஏற்றுக் கப்பலிற் கொணர்ந்தனர். நம் நாவில் அது அன்னாசி ஆயிற்று. பழமும் பெயரும் ஒருங்கே கடல் கடந்து வந்தன. இவ்விரு சொற்களையும் அருகருகே எழுதி, 'ஆதலின் தமிழும் துப்பியும் உடன்பிறந்தன' என ஒருவர் கூறுவாராயின் நாம் நகைப்போம். ஆயினும், அமேசான் காட்டு மொழிகளைப் பற்றி இக்காலத்து அச்சேறியுள்ள பெருங்குலப் பட்டியல்கள் சிலவற்றை ஊன்றி நோக்கின், இதனினும் மிக உறுதியான அடிப்படைமேல் அவை எழுந்தன என்று சொல்ல எமக்குத் துணிவு பிறக்கவில்லை. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எம் கருத்தைச் சொல்ல முற்படுகின்றோம்.

ஐரோப்பாக் கண்டத்து மொழிகளை விரல்விட்டு எண்ணத்தக்க சில குலங்களுள் அடக்கிவிடலாம். தென்னமெரிக்காவிலோ, ஒன்றோடொன்று உறவு நாட்டப்படாத குலங்களும் தனிமொழிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டன உள. அவற்றுள் பரந்து கிடக்கும் குலங்கள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். துப்பிக் குலம் பிரேஸில் கடற்கரை முதல் பராகுவே வரை பரவியது. எனினும் அதன் கிளைகளுட் பல மேற்கே ரொந்தோனியா என்னும் காட்டு நாட்டில் நெருங்கியிருத்தலால், அதுவே அதன் தாயகம் என்பர். கரீபியக் குலம் பெரும்பாலும் அமேசான் ஆற்றுக்கு வடக்கே கயானா நாடுகளிலும் வெனிசுவேலாவிலும் வழங்குவது. கரீபியக் கடலுக்குப் பெயர் தந்தவர் இவரே. ஜே மொழிகளும் அவற்றின் சுற்றமும் சேர்ந்த 'பேரினஜே' என்னும் தொகுதி நடுப் பிரேஸிலின் மேட்டுவெளிகளிலும் காட்டோரங்களிலும் உள்ளது. இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தனவா என்பதே வழக்கு.

இவ்வாராய்ச்சியின் தொடக்கத்தில் பாதிரிமார் நின்றனர் என்பதை நம் கல்லூரி மாணவர் அறிதல் தகும். இயேசு சபையைச் சேர்ந்த அஞ்சியேத்தா என்பார் பிரேஸில் கடற்கரை மொழிக்கு இயற்றிய இலக்கணம் 1595-ல் கொயிம்பிரா நகரில் அச்சாயிற்று. அதனினும் வியக்கத்தக்கவர் ஜீலி பாதிரியார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் ஒரினோக்கோ ஆற்றங்கரையில் தமனாக்கு மக்களிடையே வாழ்ந்து, 1767-ல் தம் சபையார் ஸ்பானிய நாடுகளினின்று வெளியேற்றப்பட்டபின் ரோமாபுரி சேர்ந்து, 1780 முதல் 1784 வரை நான்கு பாகங்களாகத் தம் நூலை வெளியிட்டார். கரீபிய மொழிகள் ஒரு குடும்பம், மைப்பூரே முதலிய மொழிகள் மற்றொரு குடும்பம் என அதில் அவர் பிரித்துக் காட்டினார். ஒலிகள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றில் ஒழுங்காக மாறி வருதலையும் குறித்தார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-ல் என்பதை நினைக்குங்கால், இக்காட்டுப் பாதிரியாரின் புகழ் ஏனோ நாற்றிசையும் பரவிற்றிலது என்று வருந்த வேண்டியிருக்கிறது. பின்னர் 1892-ல் கார்ல் ஃபொன் டென் ஷ்டைனன் என்னும் ஜெர்மானியர் பக்கைரி மொழியை ஆராய்ந்து கரீபியக் குலத்தின் ஒலி விதிகளை விரித்துரைத்தார். ஆதலின், கரீபியம் ஒரு குலம் என்பதில் ஐயமில்லை. துப்பி ஒரு குலம் என்பதிலும் ஐயமில்லை. ஐயமெல்லாம் அவற்றுக்கு மேலே எழுப்பப்படும் மாடியைப் பற்றியதே.

உறவை நாட்டுதல் எவ்வாறு? இதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தமிழில் பல், பால், புலி, பாம்பு என்பன கன்னடத்தில் ஹல்லு, ஹாலு, ஹுலி, ஹாவு என வழங்குகின்றன. சொற்கள் ஒத்திருத்தல் இங்கே பெரிதன்று. தமிழில் மொழிமுதல் பகரம் நின்ற இடத்திலெல்லாம் கன்னடத்தில் ஹகரம் தவறாது வருதலே பெரிது. தற்செயல் இவ்வாறு ஒழுங்கு காத்து நிற்பதில்லை. இதற்கு மறுதலையாக, நம் 'எட்டு' என்பதையும் ஆங்கிலேயரின் 'எயிட்' என்பதையும் ஒப்பிட்டு மகிழும் மாணவரை நாம் வகுப்புதோறும் கண்டிருக்கிறோம். எண்பது என்பதை நோக்கின், எட்டின் அடி 'எண்' என்பது புலனாகும். பின்னோக்கிச் செல்லச் செல்ல அவ்விரு சொற்களின் ஒற்றுமை தேய்ந்து மறைகின்றது. மெய்யான உறவோ பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வரும். ஆஸ்திரேலியாவில் ம்பபரம் என்னும் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்' என்பதே. ஆங்கிலத்திலிருந்து அவர் கடன் கொண்டாரும் அல்லர்; ஆங்கிலேயருக்கு உறவினரும் அல்லர்.

இனி வழக்குக்கு வருவோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜோசப் கிரீன்பெர்க் என்பார் ஆப்பிரிக்க மொழிகளை வகைப்படுத்தி 1963-ல் வெளியிட்ட நூலால் பெரும்புகழ் எய்தியவர். அவர் 1987-ல், அமெரிக்கக் கண்டங்களின் மொழிகளையெல்லாம் மூன்றே குலங்களுள் அடக்கி மற்றொரு நூல் எழுதினார். வடகோடியிலுள்ள இரண்டு ஒழிய, ஏனையவெல்லாம் 'அமெரிந்தியம்' என்னும் ஒரே பெருங்குலம் என்பது அவர் துணிபு. அவர் கொண்ட முறை, பல நூறு மொழிகளின் சொற்பட்டியல்களை ஒருங்கே விரித்து வைத்து ஒப்புமை தேடுதல். ஒலி விதிகளை நாட்டுதல் பின்னர் நிகழ வேண்டிய வேலை என விடுத்தார். எடுத்துக்கொண்ட மொழிகள் பலவாகவும் பொருட் பொருத்தம் நெகிழ்வாகவும் இருப்பின் எங்கேயாயினும் ஒப்புமை கிடைக்கும் அல்லவோ? லைல் காம்ப்பெல் முதலிய மொழிநூலார் பலர் இக்குறையையும், சொற்பட்டியல்களில் மலிந்திருந்த பிழைகளையும் எடுத்துக்காட்டி அந்நூலை மறுத்தனர்.

எமக்கு இங்கே முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. கிரீன்பெர்க் கரீபியத்தை ஜே மொழிகளோடும் பானோ மொழிகளோடும் ஒரு கிளையில் வைத்தார். துப்பியையோ அரவாக்கு மொழிகளோடு மற்றொரு கிளையில் வைத்தார். பிரேஸில் நாட்டு மொழிநூற் பெரியார் ஆரியோன் ரொத்ரிகஸ் என்பவரோ, 1985-ல் துப்பியும் கரீபியமும் உறவின என்று சான்று காட்டி எழுதி, 2000-ஆம் ஆண்டில் ஜே மொழிகளையும் அவற்றோடு இணைத்தார். ஒருவர் பிரித்த இரண்டை மற்றொருவர் கூட்டுகிறார்! ஒரே பெண்ணை இரண்டு வீட்டார் தம் தம் மகளென்று உரிமை பாராட்டினால், பிறப்புச் சான்று இன்னும் வெளிவரவில்லை என்பதன்றி வேறென்ன கொள்ளலாம்?

எனினும் இவ்விருவரையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் நீதியன்று. ரொத்ரிகஸ் 1925-ல் பிறந்து 2014-ல் மறைந்தவர். தம் வாழ்நாள் முழுதும் துப்பி மொழிகளில் தோய்ந்தவர். அவர் சொற்களை மட்டும் நம்பினாரல்லர். இலக்கண உறுப்புக்களையும் எடுத்துக்கொண்டார். குவாரனி மொழியில் 'தேரா' என்றால் பெயர். 'ஷே ரேரா' என்றால் என் பெயர். 'ஹேரா' என்றால் அவன் பெயர். இவ்வாறே 'தேதே' உடம்பு, 'ஷே ரேதே' என் உடம்பு, 'ஹேதே' அவன் உடம்பு. சொல்லின் முதலெழுத்து, அதனை உடையவன் முன்னே நிற்கின்றானா இல்லையா என்பதற்கேற்பத் திரிகின்றது. நம் இலக்கணத்தில் மரம் என்பது வேற்றுமை ஏற்குங்கால் மரத்தை என அத்துச் சாரியை பெறுதலை ஓரளவுக்கு இதனோடு ஒப்பிடலாம். ஆனால் இங்குத் திரிபு நிகழ்வது சொல்லின் முதலில். இத்தகைய இணைப்புறுப்பு கரீபிய மொழிகளிலும் ஜே மொழிகளிலும் உண்டு என்பதே ரொத்ரிகஸ் காட்டிய சான்றுகளுள் தலையாயது. பழம் விற்பவனும் வாங்குபவனும் பழத்தின் பெயரைப் பரிமாறிக்கொள்வர். இவ்வகைச் சாரியையை யார் கடன் கொடுப்பார், யார் வாங்குவார்?

இவ்விடத்தில் தடை எழுப்புவாரும் உளர், அத்தடை சிறிதன்று. பிரேஸிலின் வடமேற்கு மூலையில் வவுப்பேஸ் ஆற்றங்கரை மக்களிடையே, தன் மொழி பேசும் பெண்ணை ஒருவன் மணத்தல் ஆகாது என்னும் வழக்கம் நெடுங்காலமாக நிலவியது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பல மொழிகள் வழங்கின. அங்கே தரியானா என்னும் மொழி அரவாக்குக் குலத்தது. அதைப் பேசுவோர் அயலார் சொற்களைக் கலத்தலை இழிவெனக் கருதினமையால் கடன் சொற்கள் அதில் மிகச் சில. ஆயினும், ஒரு செய்தியைப் பேசுவோன் தானே கண்டானா, பிறர் சொல்லக் கேட்டானா என்பதை வினைச்சொல்லிலேயே காட்டியாக வேண்டிய முறையை அது அயல்மொழியாகிய துக்கானோவின் சார்பால் விரிவாக வளர்த்துக்கொண்டது. சொற்களை வாசலில் தடுத்தனர். இலக்கணம் புழைக்கடை வழியாக நுழைந்துவிட்டது! ஆகவே இலக்கண ஒப்புமை மட்டும் கொண்டு பிறப்புறவு பேசுதலிலும் இடருண்டு.

இதற்கு ரொத்ரிகஸ் பக்கத்தார் கூறத்தக்க விடை ஒன்று உண்டு. தரியானா கொண்டது முறையை மட்டுமே. அம்முறைக்குரிய உருபுகளின் ஒலி வடிவங்களைப் பெரும்பாலும் கொள்ளவில்லை. துப்பி, கரீபிய, ஜே மொழிகளிலோ வடிவமும் பயனும் ஒருசேர ஒத்து வருகின்றன என்பது அவர் வாதம். இவ்விடை எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் பல்லும் ஹல்லும் போலச் சொல்லுக்குச் சொல் நின்று பேசும் ஒலி விதிகள் இம்மூன்று குலங்களுக்கும் இடையே எல்லாரும் ஒப்புமளவு இன்னும் நாட்டப்படவில்லை. ஆதலின் 'இருத்தல் கூடும்' என்பதற்கு மேல் ஓரடியும் வைக்கலாகாது என்பதே எம் துணிபு.

'கூடும்' என்று நிற்பது பலருக்கு உவப்பாவதில்லை. எம் கைக்கு வந்த நிலப்பட ஏடு ஒன்றில் தென்னமெரிக்காவின் பெரும்பகுதி ஒரே நிறம் தீட்டப்பட்டு, 'அமெரிந்தியம்' என்று ஐயக் குறியேதும் இன்றிப் பொறிக்கப்பட்டிருந்தது. அதைக் காணும் மாணவன் அதனை ஆற்றையும் மலையையும் போல உண்மையென்றே கொள்வான். நமக்கு நன்கு தெரிந்த கால்டுவெல் ஐயரையே எடுத்துக்கொள்வோம். 1856-ல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் அவர் திராவிட மொழிகளின் உறவை நாட்டினார், அது நிலைத்தது. அந்நூலிலேயே திராவிட மொழிகள் பின்னிய, துருக்கிய மொழிகள் முதலியவற்றை அடக்கிய 'சித்தியக்' குலத்துக்கு நெருங்கியன என்றும் எழுதினார், அது நிலைக்கவில்லை. ஒரே ஆசிரியர், ஒரே நூல். அவர் பெயரின் பெருமை கொண்டு இரண்டையும் ஒருங்கே ஏற்றிருப்போமாயின் நாம் பிழைபட்டிருப்போம். ஒன்று பிழைத்தமையால் மற்றதையும் தள்ளியிருப்போமாயின் அதனினும் பெரிய பிழை செய்திருப்போம்.

ஐயத்தில் நிற்பது சோம்பலுக்கு இடமாகாது என்பதற்கு அக்காட்டிலேயே சான்று உண்டு. ரொந்தோனியாவில் ஜபுத்தி மொழிகள் எனப்படும் ஜேயொரோமிச்சி, அரிக்கப்பூ என்னும் இரண்டு உள. ஜெர்மனியிற் பிறந்து, குவாரனி மக்களால் பெயர் சூட்டப்பெற்று, பிரேஸில் குடிகளோடு வாழ்ந்து 1945-ல் இறந்த கூர்ட் நிமுயெந்தஜூ என்பவர், இவை ஜே மொழிகளுக்கு உறவாதல் கூடும் என்று 1930-களில் குறித்து வைத்தார். போதிய சான்று இன்மையால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது வெறும் ஊகமாகவே கிடந்தது. பின்னர் எதுவார்தோ ரிபெய்ரோ, ஹைன் ஃபான் டெர் ஃபோர்ட் என்னும் இருவர், எஞ்சியிருந்த மிகச் சிலர் வாய்மொழியாகத் திரட்டப்பட்டவற்றைக் கொண்டு ஒலி விதிகளையும் இலக்கண ஒப்புமைகளையும் காட்டி, நிமுயெந்தஜூ கூறியது சரியே என 2010-ல் நிலைநாட்டினர். அரிக்கப்பூ பேசுவோர் ஒருவர் இருவரே என்னும் நிலையில் இது நிகழ்ந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் அவ்வுறவுக்குரிய சான்றிற் பெரும்பகுதி மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆகவே பெருங்குலங்களைப் பற்றிய வாதத்திற் செலவாகும் பொருளிலும் உழைப்பிலும் ஒரு பெரும்பங்கு முதலில் ஊர் ஊராகச் சென்று மொழிகளை எழுதி வைப்பதற்குச் செல்ல வேண்டும் என்கிறோம். எழுதி வைத்ததையும் ஓரிடத்திலேயே வைத்தல் தகாது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் தேதி இரவு ரியோ நகரத்துத் தேசியப் பொருட்காட்சிசாலை எரிந்தபொழுது, அங்கிருந்த பழங்குடி மொழிகளின் சேமிப்பும், நிமுயெந்தஜூவின் கையெழுத்துப் பிரதிகளும், பேசுவோர் அற்றுப்போன மொழிகளின் ஒலிப்பதிவுகளும் தீக்கிரையாயின. முன்னரே படி எடுக்கப்பட்டவை மட்டுமே தப்பின.

துப்பிக் குலத்தின் பழங்கிளைகள் நெருங்கியுள்ள அதே ரொந்தோனியாவில் அக்குன்சூ என்னும் சிறு கூட்டத்தார் உளர். அவர் மொழி துப்பிக் குலத்தது. காட்டை அழித்துக் கால்நடை வளர்க்க வந்தோரின் கொலைக்குத் தப்பி, 1995-ல் அரசாங்கத்தாரால் கண்டறியப்பட்டபொழுது அவர் எழுவரே இருந்தனர். கரோலினா அரகோன் என்னும் அம்மையார் அவரோடு இருந்து கேட்டு எழுதிய இலக்கணம் 2014-ல் நிறைவுற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அம்மொழி பேசுவோர் மூவராயினர், மூவரும் பெண்டிர்.