வலிமையும் இணக்கமும்

வலிமை மிக்க உலோகமே சிறந்ததெனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பாதியே உண்மை. செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த மென்பித்தளைப் பட்டையைச் சூடேற்றாது உருளைகளிடையே அழுத்திக் கனத்தைப் பாதியாக்கின், இழுவலிமை ஒன்றரை மடங்கினும் மிகும். ஆயின், முன்பு தன் நீளத்திற் பாதிக்குமேல் நீளவல்ல அப்பட்டை, பின்னர் 100-க்கு 10 பங்கும் நீளாமுன் முறியும். படிகங்களினுட் பெருகும் பிறழ்வுகள் ஒன்றையொன்று தடுத்தலே கடினமாதற்குக் காரணமென டெய்லர் 1934-இல் விளக்கினார்.

ஆதலின், வலிமையைக் குறிக்கும் எண்ணொன்றையே நோக்கிப் பட்டையைத் தெரிந்தெடுத்தல் அறிவுடைமையன்று. கூர்மையாக வளைக்குங்கால் அது மடிப்பிற் கீறி வீணாகும். காய்ச்சி ஆற்றின் இணக்கம் மீளும்; பெற்ற வலிமையோ நீங்கும். வில்தகட்டுக்கு வலிமையும், வளைத்துச் செய்யுங் கலத்துக்கு இணக்கமும் வேண்டுமன்றோ? பயனை முன்னர்த் துணிந்து, அதற்கேற்ற அளவே அழுத்துதல் நன்று. மாணாக்கர் இரண்டெண்களையும் ஒருங்கே நோக்குவாராக.